நட்சத்திரமிட்ட கேள்வி

நாகர்கோவிலிலிருந்து சிவதாணு சார் போன்.
"நாளைக்கு பதினோரு மணிக்கு டெல்லியில மந்திரி பதில் சொல்லணும்.
நட்சத்திரமிட்ட கேள்வியாக்கும் சிஸ்டர்,
எழுந்து நின்னு வாயால சொல்லணும்.
குருசடித்துறை துணை சுகாதார நிலையத்துல
ஜெனரேட்டர் உண்டா?"

உண்டு, என்றேன்.
ஓடாது, என்றேன்.
இரண்டாவது சொன்னதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

கடல் ஊருக்குள் வந்துபோன வருசத்துக்குப் பிறகு
எந்த நாடோ அனுப்பியது அது.
நெற்றியில் ஒட்டியிருந்த கொடி
உப்புக்காற்றில் வெளுத்து
இப்போது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.
உள்ளே ஒரு பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது.
பழுதுபார்க்கும் செலவு யார் கணக்கில் என்று கேட்டு
இதுவரை ஏழு கடிதம் எழுதியிருக்கிறேன்.
ஒன்றுக்கும் நட்சத்திரம் இல்லை.

மறுநாள்
தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் மாற்றிக்கொண்டே
போனில் அவையைப் பார்க்கிறேன்.
பிள்ளைக்கு ஊசி போட வந்த கிளாடிஸ் பெஞ்சில்.
வாசல்நிலையில் சாய்ந்து ததேயுஸ்,
சுறாத்தூண்டில் கிழித்த உள்ளங்கைக்குக்
கட்டு மாற்ற வந்தவன்.

மந்திரி எழுந்தார். நல்ல குரல்.
அ முதல் உ வரையிலான பகுதிகளுக்கு
அறிக்கை ஒன்று அவையின் மேசைமீது வைக்கப்படுகிறது என்றார்.
எவ்வளவு பெரிய மேசையோ.
புயலடித்த ஒரு தீவு நாட்டுக்கு
கூடாரம், குடிநீர் இயந்திரம், மருந்து,
ஆஸ்பத்திரிகளுக்கு நாற்பது ஜெனரேட்டர்.

பின்வரிசையில் ஒருவர் துணைக்கேள்வி கேட்டார்:
"சொந்தக் கரை இருட்டாகக் கிடக்க
அடுத்த கரைக்கு விளக்கா?"
படபடவென்று மேசை தட்டினார்கள்.
நானும் தட்டியிருப்பேன்.
கையில் மருந்துக்குப்பி.

"அந்தத் தீவுதான் சிஸ்டர்" என்றான் ததேயுஸ்.
"எஞ்சின் நின்னு பதினாலு நாளு ஒழுகிப்போயி
நாங்க அஞ்சு பேரு கரையேறுன எடம்.
பேச்சு புரியாத ஒரு பொம்பள
அடுப்புல கெடந்த கஞ்சியப் பானையோட தூக்கித் தந்தா.
அவ பிள்ளையளுக்கு மிச்சம் உண்டான்னு
நாங்க கேக்கல.
குடிச்சோம்.
நாப்பது பத்தாது."

கிளாடிஸ் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.
"குடுக்கட்டும், யாரு வேண்டாம்னா.
இவன் பொறந்தது இங்க, மூணு செல்போன் வெளிச்சத்துல.
நாலாவது போன்ல சார்ஜ் இல்ல."

ததேயுஸ் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
இருவர் சொன்னதும் ஒரே மூச்சில் கேட்கவேண்டிய கேள்வி.
அங்கே ஒருவருக்கு ஒரு துணைக்கேள்விதான்.

"கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை"
என்றார் மந்திரி, தாளைப் புரட்டி,
"குறிப்பிட்ட நிலையத்தில் ஜெனரேட்டர் உள்ளது."

என்னுடைய உண்டு அது.
நாகர்கோவில் போய், சென்னை போய்,
டெல்லியில் கோட்டு மாட்டிக்கொண்டு
உள்ளது என்று திரும்பி வந்திருந்தது.
கூடப்போன ஓடாது
எந்த ஸ்டேஷனில் இறங்கியதோ.

"ஆகவே, உ பகுதியைப் பொறுத்தவரை
வினா எழவில்லை."

ஆடிக்கடல்
தடுப்புக்கல் தாண்டி எழுந்து
எங்கள் காம்பவுண்டுச் சுவரை நனைத்துவிட்டுப் போனது.
பிள்ளைக்கு ஊசி போட்டேன். அழுதான்.

கட்டு மாற்றியதும் ததேயுஸ் பின்பக்கம் போனான்.
ஒற்றைக் கையால் மூடியைத் தூக்கி
எஞ்சினை மோந்துபார்க்கும் சத்தம், குட்டிகளின் சத்தம்.
"கார்புரேட்டர் அடைச்சுக் கெடக்கு, அவ்வளவுதான்.
குட்டியளு கண்ணு தொறக்கட்டும் சிஸ்டர், வந்து பாக்கேன்."

சாயங்காலம் மறுபடி சிவதாணு சார்.
"பதில் பிரமாதமா இருந்துச்சாம்.
மேல இருந்து சொன்னாங்க."
சரி சார், என்றேன்.

எட்டாவது கடிதத்துக்குத் தாள் எடுத்தேன்.
பொருள்: டீசல்.